மிஷின் உறையை எப்போது எடுக்கலாம்?

கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்த 26-ஆம் நாள் நான் தையல் மிஷினில் உட்கார்ந்தேன். உட்காரச் சொன்னவர் யாருமில்லை, வேண்டாம் என்று தடுக்கவும் ஆளில்லை. பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள்தான் இருந்தது. பக்கத்துத் தெருவில் மூன்று வீட்டிலிருந்து சீருடைத் துணி வந்து கட்டிலில் கிடந்தது, மொத்தம் 14 செட். "மெதுவா தைங்கக்கா, அவசரமில்ல" என்று சொல்லித்தான் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்படிச் சொல்கிறவர்கள்தான் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வாசலில் நிற்பார்கள். ஒன்பதாவது செட்டை முடிக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடித்தது. எழுந்து பார்த்தால் ரத்தக்கசிவு. மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி படுக்கை. இரண்டு மாதத்தில் முடிய வேண்டிய ஓய்வு மூன்று மாதத்தைத் தொட்டது.

கம்பெனிக்குப் போகிற பெண்ணுக்கு இந்தக் குழப்பம் கொஞ்சம் குறைவு. இ.எஸ்.ஐ. இருந்தால் உடம்பு சரியில்லாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை கிடைக்கும். பிள்ளை பெற்றால் முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. திரும்பி வரும்போது, வேலைக்குத் தகுதி என்று டாக்டர் ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். வீட்டு முன்னறையில் மிஷின் போட்டிருக்கிற நமக்கு லீவு தருவதும் நாம்தான், முடிந்தது என்று சொல்வதும் நாம்தான். அந்தச் சீட்டை நாமே எழுதிக்கொள்வது எப்படி என்று 19 வருடத் தையலிலும் ஒரு முட்டாள்தனத்திலும் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். சமையல் ஆர்டர் எடுப்பவர்கள், பியூட்டி பார்லர் வைத்திருப்பவர்கள் தங்கள் வேலைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம்.

1. டாக்டரிடம் "தையல் வேலை பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் மனதில் அது உட்கார்ந்து செய்கிற லேசான வேலை. நானும் அப்படித்தான் சொன்னேன், "லேசான வேலைன்னா செய்யலாம்மா" என்றார். தப்பு அவர்மேல் இல்லை. மிதியை எத்தனை மணி நேரம் மிதிக்கிறோம், தரையில் குனிந்து எவ்வளவு நேரம் வெட்டுகிறோம், இஸ்திரிப் பெட்டி எவ்வளவு கனம், துணி மூட்டையைப் பரணில் ஏற்றுவது யார் என்று உடம்புக் கணக்காகச் சொல்ல வேண்டும். இரண்டாம் முறை போனபோது, போன தீபாவளிக்கு என் மகள் விளையாட்டாக எடுத்து வைத்திருந்த வீடியோவை போனில் காட்டினேன். காலால் மிதிக்கிற மிஷினில் நான் தைத்துக்கொண்டிருக்கிறேன், ஒரு நிமிஷம்கூட இல்லை. பார்த்துவிட்டு, "இதுக்கு நான் எப்படிம்மா ஓகே சொல்லியிருப்பேன்?" என்றார்.

2. பொதுவான நாள் கணக்கு தெரிந்து வைத்திருப்பது நல்லது. வயிற்றைத் திறந்து செய்த கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு ஆறு முதல் எட்டு வாரம், சிசேரியனுக்குச் சுமார் ஆறு வாரம் என்பார்கள். லேப்ராஸ்கோப்பியில் செய்திருந்தால் சீக்கிரம் எழலாம். ஆனால் வெளியே சிறிய தழும்பு என்பதற்காக உள்ளேயும் சிறிய காயம் என்று நினைத்துவிடக் கூடாது. உங்கள் டாக்டர் சொன்ன கணக்கைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதையும் "இதற்கு முன்னால் கூடாது" என்று படியுங்கள். "இந்தத் தேதியில் உட்கார்ந்தே ஆக வேண்டும்" என்று படிக்காதீர்கள்.

3. ஓய்வு நாட்களை எண்ணும்போது உண்மையிலேயே ஓய்வாக இருந்த நாட்களை மட்டும் எண்ணுங்கள். மிஷினுக்கு லீவு விட்டோமே தவிர, அடுப்புக்கு விட்டோமா? நம்மில் பலருக்குத் தையலுக்கு முன்னால் சமையல் திரும்பி வந்துவிடும். அதற்குப் பின்னால் துணி துவைப்பது, கிரைண்டர் கழுவுவது, குழாயில் தண்ணீர் பிடிப்பது. பார்க்க வருகிறவர்களுக்குக் காபியும் நாம்தான் போடுவோம். என் 26 நாளில் எட்டு நாள் இப்படிப் போனது, பிறகு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு குடம் தண்ணீர் தூக்கவே டாக்டர் அனுமதிக்காத காலம் அது. கிரைண்டர் கல் அதற்குக் குறைந்த கனமில்லை.

காலையில் சமைத்து முடித்ததும் படுக்கத் தோன்றுகிறதென்றால், மிஷினுக்கு இன்னும் நாள் வரவில்லை. யாராவது சமையலை எடுத்துக்கொண்டால் அந்தத் தெம்பைத் தையலுக்குத் திருப்பலாம். இதை வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் வாய் திறந்து சொல்லுங்கள். அவர்களாகக் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

4. தையல் என்பது ஒரே வேலை இல்லை. அளவு எடுப்பது, வெட்டுவது, மிஷின் ஓட்டுவது, கொக்கி கட்டுவது, ஹெம்மிங், இஸ்திரி என்று ஆறேழு வேலைகள். எல்லாம் ஒரே நாளில் நமக்குத் திரும்பி வராது. இதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கியம். "எப்போது வேலைக்குத் திரும்பலாம்?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. "எதற்கு எப்போது?" என்று கேட்டால் கிடைக்கும்.

எனக்கு முதலில் திரும்பி வந்தது கை வேலை. முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு கொக்கி கட்டலாம், ஹெம்மிங் பண்ணலாம். அடுத்து, புடவைக்குப் பால்ஸ் அடிப்பது. நேர்த்தையல்தான், மூளைக்கு வேலை இல்லை. மோட்டார் மிஷினாக இருந்தால் காலுக்கும் பாடு குறைவு. மூன்றாவதுதான் பிளவுஸ் தைப்பது. வெட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்தது. தரையில் பாய் விரித்துக் குனிந்து வெட்டுகிற பழக்கம் எனக்கு. வயிற்றை மடக்கி அரை மணி உட்கார நான்காம் மாதம் வரை முடியவில்லை. அதுவரை சாப்பாட்டு மேஜைமேல் நின்றபடி வெட்டினேன். இடுப்புக்கு அதுவே நல்லது என்று தெரிந்ததும் தரைக்குத் திரும்பவே இல்லை.

கண்புரை ஆபரேஷன் செய்தவர்களுக்கு இந்த வரிசை மாறும். மிஷினில் நேர்த்தையல் முதலில் வரும். ஊசியில் நூல் கோப்பது, கொக்கி கட்டுவதெல்லாம் கடைசியில்.

5. வாடிக்கையாளர் துணியில் கை வைக்கும் முன் உங்களுக்கென்று ஒரு பிளவுஸ் தைத்துப் பாருங்கள். பீரோவில் நிச்சயம் ஒரு காட்டன் பிட் தைக்காமல் கிடக்கும். நமக்கு நாம் தைத்துக்கொள்ள எப்போது நேரம் இருந்தது? அதை எடுங்கள். லைனிங் வைத்து, டார்ட் பிடித்து, பைப்பிங் கொடுத்து, கொக்கி வரை முழுதாக முடியுங்கள். ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பித்த நேரம், எழுந்த நேரம், எந்த இடத்தில் எது வலித்தது என்று எழுதிக்கொண்டே வாருங்கள்.

நான் தைத்தது மாம்பழ மஞ்சள் காட்டன். நல்ல உடம்பில் லைனிங் பிளவுஸ் எனக்கு இரண்டு மணி நேர வேலை. அன்று வெட்ட ஐம்பது நிமிஷம் ஆனது. மிஷினில் இருபத்தைந்தாவது நிமிஷம் முதுகு பிடித்தது. முன்பக்க டார்ட் இரண்டும் ஒரே உயரத்தில் விழவில்லை. கை ஏற்றும்போது ஒரு தரம் பிரித்தேன். கடைசிக் கொக்கி கட்டி நிமிர்ந்தபோது நாலரை மணி நேரம் ஓடியிருந்தது. அந்த நோட்டுதான் என் தகுதிச் சீட்டு. இரண்டு மணி நேர வேலைக்கு நாலரை மணி என்றால், வழக்கமாக வாங்குவதில் பாதிக்கும் குறைவாகத்தான் துணி வாங்கலாம் என்று கணக்கு வந்தது. "பாத்துக்கலாம்" என்று மனசு சொல்லும். நோட்டில் எழுதினதைப் பாருங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு பிளவுஸ், மறுபடி நேரக் குறிப்பு. அது இரண்டே முக்கால் மணி.

6. தைத்து முடித்த அன்று சாயங்காலம் எப்படி இருக்கிறது என்பதை நம்பாதீர்கள். வேலை செய்த சந்தோஷத்தில் உடம்பு ஒன்றும் சொல்லாது. மறுநாள் காலை பாயிலிருந்து எழும்போதுதான் சொல்லும். சாதாரணமாக எழுந்து வாசல் தெளிக்க முடிந்தால் நேற்றுச் செய்தது உங்களுக்குத் தாங்குகிற அளவு. சுவரைப் பிடித்து எழுந்தால் அதிகம்.

7. வலி மாத்திரை போட்டுக்கொண்டு மிஷினில் உட்காராதீர்கள். வலி குறைந்திருப்பது மாத்திரையாலா, குணமானதாலா என்று தெரியாமல் போய்விடும். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற சில மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும். மோட்டார் மிஷினில் கண் ஒரு நொடி சொருகினால் ஊசி விரலில் இறங்கிவிடும். அந்த அனுபவம் இந்தத் தொழிலில் பாதிப் பேருக்கு உண்டு.

8. சிக்குன்குனியா வந்து போனவர்கள் காய்ச்சல் விட்ட நாளைக் கணக்கில் எடுக்க வேண்டாம். மூட்டு வலி வாரக்கணக்கில் இருக்கும், சிலருக்கு மாதக்கணக்கில்கூட நீளும். காலையில் விரல் மடங்காது, பத்து மணிக்கு மேல் மடங்கும். பெரிய கத்தரிக்கோலை எடுத்துப் பழைய பெட்ஷீட்டில் ஒரு கஜம் நேராக வெட்டிப் பாருங்கள். நடுவில் கத்தரியைக் கீழே வைக்கத் தோன்றினால் வெட்டும் வேலை இன்னும் வேண்டாம். கத்தரியைச் சாணை பிடிக்கக் கொடுத்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள், மொண்ணைக் கத்தரிக்கு விரல் என்ன செய்யும்?

9. கண்ணுக்கு ஒரு சோதனை: சாயங்காலம் ஆறு மணிக்கு, கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் போட்ட தையலைப் பிரித்துப் பாருங்கள். முடிந்தால் கண் தயார். கண்புரை ஆபரேஷனுக்குப் பின் புதுக் கண்ணாடி எழுதித் தரச் சுமார் ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். அதற்கு முன் பழைய கண்ணாடியோடு மல்லுக்கட்டினால் தலைவலிதான் மிச்சம்.

10. துக்கத்துக்கு ஆறு வாரம், எட்டு வாரம் என்று யாராலும் எழுதித் தர முடியாது. அம்மா இறந்து கருமாதி முடிந்த மூன்றாம் நாள் நான் தைக்க உட்கார்ந்தேன். கை சும்மா இருந்தால் அழுகை வருகிறது, வேலை செய்தால் மறந்திருக்கலாம் என்று தோன்றியது. அதில் தப்பில்லை. நான் எடுத்த துணிதான் தப்பு. ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டுப் பிளவுஸ். கைக்குப் பார்டர் வர வேண்டும் என்பதால் மடித்து வெட்ட முடியாமல் கையைத் தனித்தனியாக வெட்டினேன். இரண்டையும் வலது கையாகவே வெட்டியிருக்கிறேன். புடவையோடு சேர்ந்து வந்த பிட், கடையில் போய் அதேபோல் வாங்க முடியாது. முதுகுப் பக்கம் மிஞ்சியதை ஒட்டுப் போட்டு, ஒட்டை மறைக்க ஜரிகை லேஸ் வைத்து எப்படியோ ஒப்பேற்றினேன். அந்தப் பெண் இன்றுவரை அதை டிசைன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

துக்க வீட்டில் கைக்கு வேலை வேண்டும்தான். தலையணை உறை தையுங்கள், பால்ஸ் அடியுங்கள், பிரித்துத் தைக்கிறவற்றைச் செய்யுங்கள். கத்தரிக்கோலை மட்டும் தள்ளி வையுங்கள். தையல் பிசகினால் பிரிக்கலாம், வெட்டினது வெட்டினதுதான்.

கணவரை இழந்த பெண் சீக்கிரம் தொழிலுக்கு உட்கார்ந்தால் ஊர் வாய் சும்மா இருக்காது. சோற்றுக்கு வழி அதுவாக இருக்கும்போது ஊர் வாயைக் கேட்க வேண்டியதில்லை என்பது என் கட்சி.

11. உடம்பு தயாரானாலும் மாதம் பார்த்துத் திரும்புங்கள். நல்ல நேரம் பார்க்கச் சொல்லவில்லை, வேலை நெருக்கடியைச் சொல்கிறேன். மே கடைசியிலிருந்து ஜூன் நடுவரை சீருடை. ஆவணியில் முகூர்த்தப் பிளவுஸ். புரட்டாசி பாதியில் தொடங்கித் தீபாவளி முதல்நாள் இரவு வரை மூச்சு விட முடியாது. மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஆனால் பொங்கல் துணி வரும். தையில் மறுபடி முகூர்த்தம். வருடத்தில் கை ஓய்கிற மாதம் என்றால் ஆடிதான். கடைகளில் தள்ளுபடியில் வாங்குகிற துணியெல்லாம் தைக்க வருவதற்குள் ஆடியே முடிந்துவிடும்.

எனவே புரட்டாசி கடைசியில் குணமானவர்கள் "தீபாவளிக்கு நாலு காசு பார்க்கலாம்" என்று உட்காராதீர்கள். முழு வேகத்தில் ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிற மாதிரி அது. கொக்கி கட்டுவது, ஹெம்மிங் பண்ணுவது என்று பக்கத்து டெய்லர் அக்காவிடம் கை வேலை வாங்கிச் செய்யுங்கள். அவருக்கும் அந்த நேரத்தில் ஆள் தேவை. நான் இரண்டாம் முறை திரும்பியது ஆடியில். ஒரு நாளைக்கு ஒரு பிளவுஸ்கூட வராத நாட்கள் இருந்தன. அதுதான் நல்லதாகப் போயிற்று.

12. ஆபரேஷனுக்குத் தேதி உங்கள் கையில் இருந்தால், மறுபடி உட்காரும் மாதத்தை முதலில் முடிவு செய்து அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தள்ளிப்போடக் கூடாத ஆபரேஷன் என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே செய்துகொள்ளுங்கள்.

13. மிஷினும் படுத்துதான் கிடந்திருக்கும். மூன்று மாதம் ஓடாத மிஷினில் எண்ணெய் பிசுபிசுத்துப் போயிருக்கும், பெல்ட்டை எலி கடித்திருக்கும், டிராயருக்குள் பல்லி முட்டை இருக்கும். ஊசித்தட்டைக் கழற்றிப் பழைய டூத் பிரஷால் பஞ்சை எடுங்கள். எண்ணெய்த் துளைகளில் மிஷின் எண்ணெய் மட்டும் விடுங்கள், தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகிவிடும். நூல் கோக்காமல் ஐந்து நிமிஷம் ஓட்டுங்கள். பிறகு வேண்டாத வெள்ளைத் துணியில் கறை விழாத வரை தைத்துக்கொண்டே இருங்கள். இரவு முழுக்க அழுத்தும் காலுக்கு அடியில் ஒரு துண்டுத் துணியை மடித்து வைத்தால் மிச்ச எண்ணெயை அது உறிஞ்சிக்கொள்ளும். பழைய ஊசி துரு ஏறியிருக்கும், புதிதாக மாற்றுங்கள்: காட்டனுக்கு 14, பட்டுக்கும் மெல்லிய துணிக்கும் 11. நூல்கண்டை இழுத்துப் பாருங்கள். பட்பட்டென்று அறுந்தால் அது காஜா போடக்கூட ஆகாது.

இதற்கு ஒரு நாள் முழுதாகப் போகும். உட்கார்ந்து எழுந்து செய்கிற வேலை என்பதால் இதுவும் உடம்புக்கு ஒரு பரீட்சைதான்.

14. காலால் மிதிக்கிற மிஷினுக்கு மோட்டார் போட நினைத்து வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டிருந்தால், இதுதான் நேரம். வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வேன்.

15. லீவுக்கு முன்பே வாங்கி வைத்த துணிகளைத் தனியே எடுத்துப் பட்டியல் போடுங்கள். அதில் தைக்க முடியாதவற்றை அட்வான்ஸ் பணத்தோடு திருப்பிக் கொடுங்கள். கேட்டு வரும்வரை காத்திருக்க வேண்டாம். திருப்பிக் கொடுத்தால் ஆள் போய்விடுவார்கள் என்று பயந்தேன். ஒருவரைத் தவிர எல்லோரும் திரும்பி வந்தார்கள். அந்த ஒருவர் பொதுவாகவே பாக்கி வைக்கிறவர்.

அளவு நோட்டில் இருக்கிற பழைய அளவையும் நம்பாதீர்கள். நாலு மாதத்தில் அவர்கள் உடம்பும் மாறியிருக்கும். புதிதாக டேப் பிடித்து அளவெடுங்கள், அல்லது இப்போது போட்டுக்கொண்டிருக்கிற பிளவுஸை அளவுக்குக் கேட்டு வாங்குங்கள்.

16. முதல் இரண்டு வாரம் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று காகிதத்தில் எழுதி மிஷின் மேல் ஒட்டிக்கொள்ளுங்கள். என் காகிதத்தில் இருந்தது இதுதான்: ஒரு நாளைக்கு ஒரு பிளவுஸ், பால்ஸ் இரண்டு, பட்டு வேண்டாம், ஆரி ஒர்க் செய்த துணி வேண்டாம், முகூர்த்தத் தேதி சொல்கிற துணி வேண்டவே வேண்டாம். மூன்றாம் வாரம் இரண்டு பிளவுஸ். காகிதம் ஒட்டியிருந்தால் வாசலில் நிற்பவரிடம் மறுப்பதும் சுலபம், அதைக் கைகாட்டினால் போதும்.

17. திரும்பும் தேதியை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும்போது உங்கள் மனதில் இருக்கும் தேதிக்கு ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். "உடம்பு தேவலையாக்கா?" என்று நலம் கேட்க வருகிறவர்கள் கையில் துணிப்பை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், "ஆவணி பொறந்ததும் கொண்டு வாங்க கண்ணு, இப்ப வாங்கி வச்சா எலி கடிச்சிடும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். வாங்கி வைத்துக்கொள்வதுதான் ஆபத்து. துணி வீட்டுக்குள் வந்துவிட்டால் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும், தூக்கம் வராது.

18. கைக்குழந்தை இருந்தால் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம் பால் கொடுக்க எழ வேண்டும். முழு பிளவுஸை ஒரே இருப்பில் முடிக்கும் பழக்கத்தை விட்டு, இன்று நாலு பிளவுஸுக்கு வெட்டு, நாளை நாலுக்கும் டார்ட் என்று பிரித்துக்கொள்ளுங்கள். எப்போது எழுந்தாலும் விட்ட இடம் தெரியும். குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டால் குண்டூசியை அந்த அறையிலிருந்தே ஒழித்துவிடுங்கள். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தினமும் தரையில் ஒரு இழுவை இழுத்தால், கண்ணுக்குத் தெரியாத ஊசிமுனைகூட ஒட்டிக்கொண்டு வரும்.

19. இனிப் பணம். சீக்கிரம் உட்கார வைப்பது பெரும்பாலும் உடம்போ வாடிக்கையாளரோ இல்லை, குழுக் கடன் தவணைதான். எங்கள் ஊரில் லைனிங் பிளவுஸ் கூலி 250 ரூபாய். இரண்டு வாரம் முன்னதாக உட்கார்ந்து, நாளுக்கு ஒன்று தைத்தால் 14 பிளவுஸ், 3,500 ரூபாய். நூலும் லைனிங்கும் கரண்டும் போகக் கையில் நிற்பது அதைவிடக் குறைவு. அதற்காக இன்னொரு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்து ஆட்டோ பிடித்து வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். தவணை கட்ட முடியாது என்பதைத் தவணை நாளுக்கு முன்பே குழுத் தலைவியிடம் சொல்லிவிடுங்கள். முன்கூட்டிச் சொன்னவளுக்கும் சொல்லாமல் விட்டவளுக்கும் குழுவில் ஒரே மரியாதை இருக்காது.

20. தமிழ்நாட்டில் தையல் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. 18 வயதிலிருந்து 60 வயதுவரை பதிவு செய்யலாம். மகப்பேறு, கண்ணாடி, பிள்ளைகள் படிப்பு, ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் படுத்திருக்கிற நாளில் போனிலேயே அந்த வேலையை முடியுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். ஆனால் அது ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான், தைக்காத நாளின் கூலிக்கு இல்லை. பிரசவமென்றால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ஏழைத் தாய்மாருக்குப் பணமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் 18,000 ரூபாய் மதிப்புக்குக் கிடைக்கும். கர்ப்பமானதுமே கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிய வேண்டும்.

21. சீக்கிரம் உட்காருவது ஒரு தப்பு என்றால், உட்காராமலே இருப்பது இன்னொன்று. உடம்பு தேறிவிட்டது, நோட்டுக் கணக்கும் சரியாக வருகிறது, ஆனாலும் நூல்கண்டுகளை மூன்றாம் தரம் வண்ணவாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் அது பயம். பிள்ளை வளர்ப்பு, மாமனாரைப் பார்த்துக்கொள்வது என்று இரண்டு மூன்று வருடம் விட்டவர்களுக்கு இது சகஜம். இதற்குள் கழுத்து மாடல் மாறியிருக்கும், எல்லோரும் பிரின்சஸ் கட் கேட்பார்கள், கை நீளம் முழங்கை தாண்டியிருக்கும். யூடியூப் பார்த்துப் பழைய லைனிங் துணியில் வெட்டிப் பழகுங்கள். முதல் துணியைத் தங்கையிடமோ அண்ணியிடமோ வாங்குங்கள்; குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்வார்கள், கூலியும் கேட்க வேண்டாம்.

22. திரும்பிய பின் இவற்றில் எது வந்தாலும் அந்த நிமிஷமே மிஷினை விட்டு எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்: காய்ச்சல், தையல் போட்ட இடத்தில் நீர் அல்லது சீழ், நின்றுபோன ரத்தக்கசிவு மறுபடி தொடங்குவது, ஒரு கால் ஆடுசதை மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது. கடைசி இரண்டும் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். ஆபரேஷன் ஆனவர்கள் நெடுநேரம் அசையாமல் உட்காரும் வேலையில் கவனிக்க வேண்டியது இது. அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து வாசல்வரை நடந்து வாருங்கள்.

மிச்சமிருந்த ஐந்து செட் சீருடையை எதிர் வீட்டு அக்கா தைத்துக் கொடுத்தார். கூலியில் அவர் பங்கைக் கொடுத்தபோது வாங்கவில்லை, தீபாவளிக்கு அவருக்கு இருபது பிளவுஸுக்குக் கொக்கி கட்டிக் கொடுத்தேன். ஆபரேஷனுக்கு முன் ஒரு நாளைக்கு நாலு பிளவுஸ் தைப்பேன். இப்போது மூன்று.